27ஆம் தேதி மழை விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை வெள்ளத்துக்கு 20 ஆண்டு ஆனதையொட்டி நீங்கள் வெளியிட்ட பக்கத்தை இரண்டு முறை படித்தேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, ரயில்கள் நின்றது, ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் விடிய விடிய வீட்டுக்கு நடந்தது, எல்லாம் சரியாக வந்திருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும், மறுநாள் மழை விட்டது என்று ஒரு வரி இருந்தது. இந்தக் கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

கரையில் விட்டிருக்கலாம். கரைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நாங்கள் இருந்த இடத்தில் விடவில்லை. அங்கே 27ஆம் தேதி சாயங்காலம் நாலு மணி வாக்கில் மும்பை ஹை நார்த் என்ற எண்ணெய்த் தளம் தீப்பிடித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தளம் கடலுக்குள் போய்விட்டது. அன்று அங்கே தளங்களிலும், ஒட்டி நின்ற துளையிடும் ரிக்கிலும், கப்பலிலுமாக 384 பேர் இருந்தார்கள். 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 22 பேர் திரும்பவில்லை. அந்த 22இல் 11 பேருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான் அதே எண்ணெய் வயலில், இன்னொரு தளத்தில் கிரேன் ஆப்பரேட்டர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பழகி, ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் கடலுக்குப் போனவன். 14 நாள் டூட்டி, 14 நாள் ஆஃப். அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலத்தை எம்.எச்.என்.னில்தான் கழித்தேன். மும்பை ஹை நார்த்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். திரும்பாத 22 பேரில் மூன்று பேர் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

எண்ணெய்த் தளம் என்றதும் ஊரில் பலர் கடல் நடுவே ஓர் ஒற்றைக் கோபுரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். 1974இல் சாகர் சாம்ராட் ரிக் எண்ணெய் கண்ட அந்த வயலில் எத்தனையோ தளங்கள் உண்டு. எம்.எச்.என். என்பதே பாலத்தால் கோத்த நாலு தளம். கிணறுகள் இருக்கும் சின்னத் தளம் 1976இல் வந்தது, ஆட்கள் தங்கும் தளம் 1978இல், எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் பெரிய தளம் 1981இல். நாலாவது பிறகு சேர்த்தது. பெரிய தளம் ஏழு மாடி உயரம். இரும்புக் கிராதித் தரை என்பதால், எந்த மாடியில் நின்று குனிந்தாலும் காலுக்குக் கீழே கடல் தெரியும். ஜூஹுவில் ஹெலிகாப்டர் ஏறும் முன் பையைக் கவிழ்த்துச் சோதிப்பார்கள். ஒரு தீப்பெட்டியைக்கூட உள்ளே விட மாட்டார்கள்.

இறந்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தாரிடம் இன்னும் கேட்கவில்லை. நாங்கள் கூப்பிட்ட விதத்திலேயே சொல்கிறேன்.

பம்ப் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. பேனா அந்த உப்புக் காற்றில் கசியும் என்று, ஒரு துண்டுப் பென்சிலைத் தையல் நூலில் கட்டிச் சட்டைப் பொத்தானில் தொங்கவிட்டிருப்பார். மீட்டரைப் பார்க்கும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு பம்ப்பின் மேல் புறங்கையை வைப்பார், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. ஒருநாள் கேட்டேன். "உள்ளங்கைய வச்சுச் சூடு பட்டா ஸ்பேனர் பிடிக்க முடியாதுல்லா தம்பி" என்றார். அவ்வளவுதான் விஷயம். நான்தான் அதில் ஏதோ பெரிய நுட்பம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவன் தம்பி. தாராவிப் பையன், பேச்சில் பாதி இந்தி. கேட்டரிங் ஆள். கப்பலிலும் தளத்திலும் சமையல்கட்டை கேலி என்பார்கள். 'கேலியில என்ன நடக்குது' என்று நாங்கள் கேட்பதும் அவன் முறைப்பதும் பழகிப்போன தமாஷ். நூறு பேருக்கு இட்லி போட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் அவனுக்கு. ஆனால் குடியிருப்புத் தளம் முழுக்க ஏ.சி., மாவு பொங்கவே பொங்காது. இரண்டு வாரம் கல்லு மாதிரி இட்லி தின்றோம். அடுத்த டூட்டியில் மாவு அண்டாவை லாண்டரி அறையில், துணி உலர்த்தும் மிஷினுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்தான். அங்கே இதமான சூடு. மாவு பொங்கியது. பொங்கி, மூடியைத் தள்ளி, யாரோ ஒரு பெரிய அதிகாரியின் கவராலில் வழிந்தது. லாண்டரிக்காரர் மராத்தியில் திட்டினார், இவன் பாம்பே இந்தியில் திருப்பிக் கொடுத்தான். அன்று முதல் எங்கள் சீருடையில் லேசாகப் புளித்த மாவு வாடை அடிக்கும். இட்லி மட்டும் பூவாக இருந்தது. வடக்கத்தி ஆட்கள் அவன் பெயரைக் கேட்டதே இல்லை, 'இட்லி' என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் தம்பி என்போம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு சொல்கிறேன்.

மூன்றாமவர் அதிகம் பேசாதவர். அவரைப் பற்றி எழுதும் உரிமை அவர் மகளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

நடந்தது என்ன என்பது விசாரணைக்குப் பிறகு வெளிவந்துவிட்டது. ஆனால் கிரேன் ஓட்டியவன் சொன்னால்தான் சில இடம் புரியும். அருகில் வேலையில் இருந்த 'சமுத்ர சுரக்ஷா' என்ற கப்பலின் சமையல்காரர் ஒருவருக்குக் கைவிரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. மழையிலும் காற்றிலும் ஹெலிகாப்டர் வர முடியாது. தளத்துக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. அதற்கு ஒரே வழி பாஸ்கெட்.

பாஸ்கெட் என்றால் கூடை இல்லை. கீழே ஒரு வளையம், மேலே சின்ன வளையம், நடுவில் கயிற்று வலை. பில்லி பியூ என்று கம்பெனிப் பெயரிலேயே சொல்வோம். பையை நடுவில் போட்டுவிட்டு, விளிம்பில் வெளிப்பக்கமாக நின்று, கையைக் குறுக்காகக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலை விறைக்கக் கூடாது. அடிபட்டவரானால் உள்ளே இருத்தித் துணைக்கு ஆள் நிற்பார். மேலே கேபினில் இருப்பவன் அலையை எண்ணுவான். கப்பல் அலையோடு ஏறி உச்சிக்கு வரும் நொடியில் சட்டென்று தூக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கப்பல் கீழே போய் மறுபடி ஏறும், தொங்குகிற ஆளின் காலடியில் வந்து இடிக்கும். நான் ஆயிரக்கணக்கில் ஆள் தூக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாய் உலர்ந்துபோகும்.

இதில் எந்தப் பக்கம் கப்பலை நிறுத்துவது என்பதுதான் பாதி வேலை. தளத்துக்குக் காற்று மறைவான பக்கம் நின்றால், என்ஜின் மக்கர் பண்ணினாலும் காற்றும் அலையும் கப்பலைத் தளத்தை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். காற்று முகத்தில் நின்றால் நேராகத் தளத்தின் மேலேயே கொண்டுவந்து சாத்தும். கட்டுமரக்காரரான என் அப்பா பாறை ஓரம் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார், கச்சான் காலத்தில் கல்லுக்குக் கச்சான் பக்கம் நிற்காதே என்று. கச்சான் என்றால் மேல்காற்று. அன்று காற்று மறைவுப் பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை. காற்று முகத்துக் கிரேனைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. கப்பலை நிலையாக நிறுத்தும் திரஸ்டரிலும் கோளாறு, கையால் ஓட்டித்தான் பின்பக்கமாகத் தளத்தை அணுகினார்கள். அடிபட்டவரை மேலே ஏற்றியாயிற்று. அதற்குப் பிறகு ஓர் அலை கப்பலைத் தூக்கியது. கப்பலின் ஹெலிகாப்டர் தளம் போய் ரைசரில் இடித்தது. கசிந்த வாயு தீப்பிடித்தது.

கடலடிக் குழாயிலிருந்து தளத்துக்கு வாயுவைச் செங்குத்தாக ஏற்றும் குழாய்தான் ரைசர். ஆபத்து நேரத்தில் அடைத்துக்கொள்ள வால்வுகள் இருந்தன. ஆனால் சில குழாய்கள் 12 கிலோமீட்டர் வரை நீளம். அடைத்தாலும், அந்த நீளத்துக்கு உள்ளே இருக்கும் வாயு எங்கே போகும்? வந்து எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் அடுத்த ரைசர், அதற்கடுத்தது. எட்டு லைஃப் போட்டில் இரண்டுதான் இறக்க முடிந்தது. மிதவை ராஃப்ட் பத்தில் ஒன்று. மீதிப் பேர் கயிற்றில் இறங்கினார்கள், குதித்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'ஒருத்தன் விரலுக்காக 22 உயிர் போச்சு' என்று பிறகு பலர் பேசினார்கள், எங்கள் ஆட்களே பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வலியில் துடிக்கிறவனை வைத்தியம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகத்தான் செய்வார்கள். பழுதான கிரேன், திரஸ்டர் கோளாறு, காற்று முகம், போதிய கவசம் இல்லாத ரைசர், இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. அந்த மனிதர் காய்கறியோ கறியோ வெட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது.

எங்கள் தளத்தில் அன்று காற்று பலமாக இருந்ததால் கிரேனின் நீண்ட கையான பூமைத் தாங்கியில் கிடத்திவிட்டு, நான் கேபினில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ரேடியோவில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பேசும் சத்தம். கடலில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். உடனே அலாரம், மஸ்டர். எங்கள் தலையை எண்ணினார்கள். படிக்கட்டு அருகே ஒரு பலகை இருக்கும், ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பெயரும் லைஃப் போட் எண்ணும். வந்தால் செருக வேண்டும், போனால் உருவ வேண்டும். எங்கள் அட்டை எல்லாம் சரியாக இருந்தது. எம்.எச்.என். பலகை அந்த நேரம் எரிந்துகொண்டிருந்தது.

இரவு முழுக்க ரேடியோ அறை வாசலில் நின்றோம். எந்தக் கப்பல் யாரைத் தூக்கியது என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக் கூட்டி. இரைச்சலில் பாதி எழுத்து விழுங்கிவிடும். கிரேன் லாக் புத்தகத்தின் பின்பக்கத் தாளில் நான் எழுதினேன். அண்ணாச்சி பெயர் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. பிறகு தம்பியின் பெயருக்குக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் வந்த காணாமல் போனோர் பட்டியலிலும் அது இல்லை. அதனால் எனக்கு ஒரு நப்பாசை. ஏதோ ஒரு படகில், பெயர் பதியாமல், ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பான் என்று இரண்டு நாள் நம்பினேன். தீயில் சிக்கிய சமுத்ர சுரக்ஷாவிலேயே, ஆழ்கடல் வேலைக்கான அழுத்தக் கூண்டுக்குள் இருந்த ஆறு டைவர்களை 36 மணி நேரம் கழித்து உயிரோடு மீட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. அந்தக் கப்பல் ஆகஸ்ட் 1 அன்று மூழ்கியது.

பட்டியலில் அவன் இருந்தான், ஆசிரியர் அவர்களே. வேறு பெயரில். நமக்கெல்லாம் தலைப்பெழுத்தும் பெயரும்தான். அவர்கள் படிவத்தில் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம். எவரோ தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப்பெயராக்கி, அதை முதலில் எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் அவன் அவனுடைய அப்பாவாகிவிட்டான். வடக்கத்தி ஆட்களுக்கு அவன் இட்லி, எங்களுக்குத் தம்பி, அலுவலகத்துக்கு அப்பா பெயர். யாரோ ஒரு பெரியவர் போய்விட்டார் போல என்று நானே அந்தப் பெயரைத் தாண்டிப் படித்திருக்கிறேன்.

அடுத்த ஆஃபில் தாராவிக்குப் போனேன். அவன் அம்மா என்னை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நெருப்புல போனானா, தண்ணியில போனானா?" சொந்தத்தில் பெரியவர்கள் சடங்குக்காகக் கேட்டார்களாம். எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. "தண்ணிதாம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தண்ணீர் என்றால் வலி குறைவு என்று நினைத்திருப்பேன் போல. கடல்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது பொய் என்று தெரியும்.

ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அவர்கள் வீட்டில் அத்தனை காலம் காக்க வேண்டியிருக்கவில்லை, சான்றிதழ் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அலைச்சல். சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் மூன்றாவது. வங்கிக் கவுண்டரில், இறந்தது உங்கள் மகனா, வீட்டுக்காரரா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தலைப்பெழுத்தைச் சரிசெய்ய அவர்கள் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும்.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குப் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்த் தளம் எரிந்தது பற்றிச் சொல்வார்கள். 1988 ஜூலை 6, வட கடல், இறந்தது 167 பேர். பழுதுபார்க்கக் கழற்றிய வால்வு பற்றிய காகிதம் இரவு ஷிப்ட் கண்ணில் படாமல், அந்த பம்ப்பை ஓட்டிவிட்டார்கள். ஹெலிகாப்டர் வரும் என்று குடியிருப்புக்குள் காத்திருந்தவர்களில் பலர் புகையில் போனார்கள். அதன் பிறகு கல்லன் பிரபு விசாரித்து 106 பரிந்துரை கொடுத்தார் என்பதுவரை எங்களுக்கு மனப்பாடம். ஒரு தடவை வகுப்பில் படம் காட்டினார்கள், ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஊரில் ஹேசல்ஹெட் பூங்காவில் மூன்று தொழிலாளர் சிலை, கீழே 167 பெயரும் கல்லில். வகுப்பில் இருந்தவர்கள் பரீட்சைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பெயர்களில் எழுத்துப் பிழை இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2021 மே மாதம் தாக்டே புயலில் பி-305 என்ற மிதவைக் குடியிருப்பு நங்கூரம் அறுந்து அதே கடலில் மூழ்கியபோது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். அதில் 261 பேர். 70 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். டிவியில் ஒரு பட்டியல் ஓடியது. என் மனைவி அணைத்துவிடச் சொன்னார். நான் பக்கத்தில் போய் நின்று, எந்தப் பெயர் அப்பா பெயராக இருக்கும், எது பிள்ளை பெயராக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. நகரமே மூழ்கிக் கிடந்த நேரத்தில் கடலுக்குள் நடந்தது யார் கண்ணில் படும்? அன்றைக்கே செய்தி இரண்டாம் பட்சமாகத்தான் போனது. ஆனால் 20 வருஷம் கழித்து, நிதானமாக எழுதும் பக்கத்தில், மழை விட்டது என்று முடிக்கும்போது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூலை 26 பற்றி எழுதினால் 27க்கும் ஒரு பத்தி கொடுங்கள். பெயர்கள் போடுவதாக இருந்தால் எனக்கு ஒரு மாதம் முன்பே தெரிவியுங்கள். மூன்று குடும்பத்தையும் கேட்டு, சம்மதித்தால் நானே கையால் எழுதி அனுப்புகிறேன், தலைப்பெழுத்து தனியாக, பெயர் தனியாக. அச்சுக்கு அடிக்கிறவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள், தலைப்பெழுத்தை விரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிரேன் ஆப்பரேட்டர்,
தூத்துக்குடி